குலவைச் சத்தத்துல கேக்காமப் போனது

காலை இங்கிட்டு வச்சுக்க தாயி, சீட்டுக்கடியில கம்பிச் சுருள் கெடக்கு, கிழிச்சுப்புடும். பந்தல் கம்பி. திராட்சைப் பந்தலுக்கு. கம்பத்துல கெடைக்காத கம்பியான்னுதான கேக்குற? நல்லாக் கேளு. நானும் அதத்தான் கேட்டேன். மககாரி போன்ல படம் அனுப்பிச்சாளாம். இன்ன ரகம், துருப் பிடிக்காது, மதுரையில இன்ன கடையில கேளுங்கன்னு. அப்பனும் மகளும் பேசி முடிவு பண்ணிட்டாக. எனக்கு எப்பத் தெரியும்ங்கிற? இன்னைக்கு வெள்ளனா, "கெளம்பு, மதுரைக்குப் போறோம்"னு சொன்னப்பத்தான்.

நீ எதுவரைக்கும்? கம்பமா? அப்பச் சரி. நாங்க உத்தமபாளையத்துல எறங்கிருவோம். காதுல மாட்டியிருக்கியே, அதைக் கழட்டு தாயி. பாட்டு எங்க போயிறப் போகுது, வீட்டுல போயிக் கேளு.

அந்தா, டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டு. கட்டம் போட்ட துண்டு. போனைக் காதுல வச்சுக்கிட்டுச் சிரிக்கிறாகள்ல, அவுகதான் எங்க வீட்டு மனுசன். யாருகூடப் பேசுறாகங்கிற? மககூடத்தான். ஆரப்பாளையத்துல வண்டி எடுத்ததுலருந்து பேச்சு, இப்பச் செக்கானூரணி தாண்டியாச்சு. "இந்தா, உங்கம்மாகிட்டயும் ஒரு வார்த்தை பேசு"ன்னு பின்னால குடுக்குறாகளா பாரு. குடுக்க மாட்டாக. எட்டு மாசம் தாயி! எட்டு மாசம் இந்த ரெண்டு பேரும் ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாக்காம இருந்தாக. சேத்து வச்சது யாரு? நானு. இப்ப நான் யாரு? கம்பிச் சுருளுக்குக் காவல்.

எம்மக பேரு சிவரஞ்சனி. ரஞ்சிம்போம். ஒத்தைப் புள்ள. ஜார்ஜியாவுல டாக்டருக்குப் படிக்கிறா, நாலாவது வருசம். அமெரிக்காவுல ஒரு ஜார்ஜியா இருக்காமே, அது இல்ல. இது ருசியாவுக்குக் கீழ இருக்கு. ஊரு பேரு திபிலிசி. மொதல்ல எனக்கும் வாயில நுழையலைதான், இப்பப் பாரு, சின்னமனூரு மாதிரி சொல்லிருவேன்.

என்ன சண்டைங்கிறியா? எங்களுக்கு ரெண்டு ஏக்கர் பன்னீர்த் திராட்சை. கல்லுத் தூணு ஊண்டி, மேல கம்பி இழுத்து, அதுல கொடியைப் படரவிட்ட பந்தல். அவுக வேற ஒரு மாதிரி தாயி. பந்தலுக்குள்ள செருப்புப் போட்டுப் போக மாட்டாக, போகவும் விட மாட்டாக. ஒத்தப் பழம் கீழ உதுந்தாலும் குனிஞ்சு எடுத்து, ஊதி, கண்ணுல ஒத்தி வாயில போட்டுக்கிருவாக. எங்கண்ணன் மகன் ஒருக்கா பூட்ஸ் காலோட உள்ள வந்துட்டான். இன்னைக்கு வரைக்கும் அவன் வீட்டு விசேசத்துக்கு இவுக போறதில்ல.

அப்பேர்ப்பட்ட மனுசனுக்கு இந்த மாசி மாசம் என்ன வந்துச்சோ, பந்தலைப் பிரிச்சுட்டுத் தென்னை வைக்கப் போறேன்னு கெளம்பிட்டாக. முட்டி வலிக்குது, அண்ணாந்து கொடியைக் கவாத்து வெட்ட முடியல, தூணு சாஞ்சு போச்சு, வேலைக்கு ஆளு வரல. எல்லாம் வாஸ்தவந்தான். தென்னங்கண்ணும் வந்து மோட்டார் ரூம் பக்கத்துல எறங்கியாச்சு. அன்னைக்கு ரஞ்சி போன் பண்ணா. இவுக சொன்னாக. அவ்வளவுதான், அவளுக்குக் குரலே மாறிப் போச்சு. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?"ன்னா.

இவுக என்ன சொன்னாகங்கிற? "ஒங்கிட்ட எதுக்குக் கேக்கணும்? நீ போற புள்ள."

போன் கட். அன்னைக்குத் தொடங்குச்சு ஊமைச் சண்டை. நான் கூட ரஞ்சியத்தான் வைஞ்சேன். ஊரு ஒலகத்துல சொல்றதைத்தானடி சொன்னாருன்னேன். நானும் ஒரு காலத்துல இன்னொரு வீட்டுக்குப் போற புள்ளையாத்தான் இருந்தேன், எங்கப்பா எந்த வயலைப் பத்தி எங்கிட்டக் கேட்டாரு? அதுக்கு அவ, "உனக்கு அப்ப வலிக்கலையாம்மா?"ன்னு கேட்டா. கிறுக்குச் சிறுக்கி. எனக்கு எதுக்கு வலிக்குது. நெல்லு அவிச்சுக்கிட்டு இருந்தேன், அதையெல்லாம் யோசிக்க எனக்கு எங்க நேரம் இருந்துச்சு.

அதுலருந்து எல்லாம் என் வழியாத்தான். "அப்பா பிரசர் மாத்திரை போட்டாராம்மா?"ன்னு அவ கேப்பா. பக்கத்துலயேதான் உக்காந்திருப்பாக, காது மட்டும் வெடைச்சுக்கிட்டு இருக்கும். "போட்டாச்சுன்னு சொல்லு"ம்பாக, சொவரைப் பாத்து. நான் அதை அப்பிடியே சொல்லுவேனா? நாலு வார்த்தை சேத்துத்தான் சொல்லுவேன். "அப்பா போட்டாராம்டி, உன்னைய நெனைச்சு கண்ணு கலங்குறாரு"ம்பேன். கலங்கவும் இல்ல ஒண்ணுமில்ல. உப்புப் போடாமச் சோறு எறங்குமா? பேச்சும் அப்பிடித்தான. இதுல ஒரு கூத்து பாரு, அந்தத் தென்னங்கண்ணுக்கு அவுக குழியும் வெட்டல. பந்தலையும் பிரிக்கல. தினமும் போயி பையில இருக்குற கண்ணுக்கே தண்ணி ஊத்திட்டு வருவாக. எட்டு மாசம்! வீறாப்பு மனுசன்.

எனக்குப் பொறுக்கல. ஒரு பொய்யச் சொல்லிப்புட்டேன். ரெண்டு பொய்யின்னு வச்சுக்க. இவுககிட்ட, "ரஞ்சி தெனமும் அழுகுறா, அப்பா மொகத்தைப் பாக்காம இருக்க முடியலைங்கிறா"ன்னேன். அவகிட்ட, "அப்பா உன் சின்ன வயசு போட்டோவை மடியில வச்சுக்கிட்டு, என்னைய அங்க கூட்டிட்டுப் போன்னு புள்ள மாதிரி கேக்குறாரு"ன்னேன். ரெண்டு நாளு ரெண்டு பக்கமும் சத்தமில்ல. மூணாம் நாளு இவுக சொவரைப் பாத்து, "பாஸ்போர்ட்டுக்கு எங்க போகணும்னு கேளு"ன்னாக. எனக்காகவா போனேன்? எனக்கென்ன, நான்தான் தெனமும் பேசுறேனே. அவுக ரெண்டு பேருக்காகத்தான் போனேன்.

உசிலம்பட்டி வந்துருச்சா? கடலை வாங்குறியா? வேண்டாமா, சரி.

ஏரோப்பிளேன்ல ஏறுறதுக்குள்ள இவுகளால நான் பட்ட பாடு. அந்த நகர்ற படிக்கட்டு இருக்குல்ல, அதுகிட்டப் போயி நின்னுக்கிட்டு, கையை நீட்டி, "வழுக்கும், கையைப் புடி"ங்கிறாக. அத்தனை சனம் பாக்குது! தோட்டத்து வாய்க்கால் வரப்புல இதே சொல்லு, கோயில் கொளத்துப் படியில இதே சொல்லு, அங்க போயி கல்லுப் பாவுன ஏத்தத் தெருவுல நடக்கையிலயும் இதே சொல்லு. நான் என்ன நொண்டியா? கலியாணம் ஆகி முப்பது வருசத்துல ஒருக்காக்கூட நான் அந்தக் கையைப் புடிச்சதில்ல, தட்டிவிட்டுட்டு நானாத்தான் எறங்குவேன். எங்க சனத்துல பொம்பள ஆம்பள கையைப் புடிச்சுக்கிட்டு நடந்தா என்ன பேச்சு பேசுவாகன்னு உனக்குத் தெரியாது, நீ இந்தக் காலத்துப் புள்ள.

அங்க போயி எறங்குனமா, ரஞ்சி ஓடியாந்து என்னையக் கட்டிப்புடிச்சுக்கிட்டா. அவுகளைப் பாத்து, "வாங்க"ன்னா. அவுக தலையை ஆட்டுனாக. ஏதோ சர்வே எடுக்க வந்த ஆபீசரும் பட்டாதாரரும் மாதிரி. நான் நெனைச்சது என்ன, மொகத்தைப் பாத்ததும் ரெண்டும் ஓன்னு அழுதுரும், நான் நடுவுல நின்னு தேத்தலாம்னு. எங்க! மூணு நாளு அதே கதைதான். "அம்மா, அப்பாவுக்கு டீயா காப்பியா?" ஒரு சாண் தூரத்துல உக்காந்திருக்காக. "டீன்னு சொல்லு." நான் சொல்லணும், "டீ." இதுக்கு ரெண்டு ஏரோப்பிளேன் மாறிப் போயிருக்கேன் தாயி.

நாலாவது நாளு, சனிக்கெழம, ஊர்த் திருவிழா. திபிலிசோபான்னு பேரு. வருசா வருசம் ஐப்பசியை ஒட்டி வருமாம், அறுவடை முடிஞ்சதும் ஊரே கொண்டாடுறாக. ஆத்தோரத்துல, பழைய கோட்டைத் தெருவுல எங்க பாத்தாலும் கடை. பூசணி, மாதுளை, பாலாடைக் கட்டி, மண் அடுப்புச் சொவத்துல ஒட்டிச் சுடுற நீள ரொட்டி. கயித்துல கலர் கலரா மெழுகுவத்தி தொங்குது. இவுக ரெண்டை வாங்கிச் சட்டைப் பையில வச்சுக்கிட்டாக, கரண்டு போனா ஆகும்னு. ரஞ்சி பாத்துட்டுச் சிரிக்கவும் முடியாம சொல்லவும் முடியாம எங்கிட்ட வந்து, "அம்மா, அது திங்கிறது. நூல்ல அக்ரூட்டைக் கோத்து, திராட்சைச் சாத்துல மாவு போட்டுக் காய்ச்சி முக்குனது. அப்பாகிட்டச் சொல்லு"ன்னா. நான் சொன்னேன். "எனக்கும் தெரியும்னு சொல்லு"ன்னு ஒரு கடி கடிச்சாக, நூலோட.

அந்த விழாவுல ரஞ்சி குடியிருக்குற வீட்டுக்காரரும் கடை போட்டிருந்தாரு. பேரு நோதார். எழுவது வயசு தாண்டியிருக்கும், மீசை நம்ம அய்யனாரு மீசை. ஊருக்கு வெளிய அவருக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கு. எங்களைப் பாத்ததும் என்னமோ அவரு வீட்டுச் சம்பந்தி வந்த மாதிரி ஓடியாந்து, இவுகளை நெஞ்சோட சேத்து அமுக்கி, கன்னத்துல முத்தம் குடுத்துட்டாரு. முப்பது வருசத்துல இந்த மனுசன் அப்பிடி முழிச்சு நான் பாத்ததில்ல.

கடையில கூடை கூடையாத் திராட்சை. அதைப் பாத்ததும் இவுகளுக்கு உசிரு வந்துருச்சு. ஒரு குலையைத் தூக்கி வெயில்ல புடிச்சுப் பாக்குறாக, ஒரு பழத்தை நசுக்கி மோந்து பாக்குறாக. நோதார் ஒரு எலையக் காட்டுனாரு, மேல வெள்ளையாப் பூத்துருக்கு. இவுக உள்ளங்கையில சாம்பலைத் தேய்க்கிற மாதிரி தேய்ச்சுக் காட்டுனாக. அவரு ஆமா ஆமான்னு நெஞ்சுல அடிச்சுக்கிறாரு. அங்கயும் அதே சாம்பல் நோயாம்! அப்பறம் அவரு ஒத்தை வெரலக் காட்டுனாரு, வருசத்துக்கு ஒரு அறுப்புன்னு. இவுக மூணு வெரலக் காட்டுனாக, பெருமையா. அவரு நம்பல. இவுக மறுபடியும் மூணு வெரலக் காட்டுறாக. அவரு தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. ஒரு மணி நேரம் தாயி, பாஷை தெரியாம அம்புட்டுப் பேச்சு. எங்கூட ஒரு மணி நேரம் சேந்தாப்புல பேசியிருப்பாகளா?

எனக்கு ஒரு மண் கூஜாவுலருந்து திராட்சை ரசம் ஊத்திக் குடுத்தாக. ரசந்தான் தாயி. நீ ஏன் சிரிக்கிற? கலங்கலா, இனிப்பா, நாக்குல வச்சா சோடா மாதிரி சுரீர்னு இருந்துச்சு. ரஞ்சியே சொன்னா, "அம்மா, இது புதுசு, பைய குடி"ன்னு. புதுசுன்னா ரசந்தான? பழசானாத்தான மத்தது. நாலு கிளாஸு குடிச்சேன். என்னமோ அந்த ஊருக் குளுரு எனக்கு ஒத்துக்கல, காதெல்லாம் சூடாயி, யாரைப் பாத்தாலும் சிரிக்கணும்போல இருந்துச்சு.

கடைக்குப் பக்கத்துல ஒரு தொட்டி. பெரிய மரத்தை நீளவாக்குல கொடைஞ்ச தொட்டி, நம்ம மாட்டுத் தொட்டியில ரெண்டு சேத்த நீளம் இருக்கும். அதுக்குள்ள திராட்சையைக் கொட்டுறாக. கொட்டிட்டு, காலைக் கழுவிட்டு, உள்ள எறங்கி மிதிக்கிறாக. ஆமா, காலால. பாட்டுப் பாடிக்கிட்டு மிதிக்கிறாக. சாறு ஒரு ஓரத்துல ஒழுகுது.

நான் எங்க வீட்டு மனுசன் மொகத்தைப் பாத்தேன். செத்த வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறாக. அதுவரைக்கும் நோதார் தோள்ல போட்டிருந்த கையை எடுத்துட்டாக. உனக்கு ஒண்ணு சொல்லணும். ரஞ்சிக்கு அப்ப ஏழு வயசு. வெளையாட்டுப் போக்குல பழக் கூடைக்குள்ள காலை வச்சுட்டா. அன்னைக்குத்தான் அவளை மொதமொதலா அடிச்சாக, கவாத்துக் குச்சியால. அதுதான் கடைசியும். அடிச்சுப்புட்டு இவுக ரெண்டு நாளு சோறு திங்கல. அவ மூணு மணி நேரத்துலயே மறந்துட்டு மாங்கா தின்னுக்கிட்டுத் திரிஞ்சா, அது வேற.

இப்ப என்ன பண்றா பாரு அந்தக் கூறுகெட்ட சிறுக்கி. பேண்ட்டை முட்டி வரைக்கும் சுருட்டிக்கிட்டு, காலைக் கழுவிட்டு, தொட்டிக்குள்ள எறங்கிட்டா! வருசா வருசம் எறங்குவாளாம், நோதார் வீட்டுக்குக் கூடமாட ஒத்தாசையா. அப்பன் நிக்கிறாருங்கிறதையே மறந்துட்டா. எறங்கையில நேரா அவுக மொகத்தைப் பாத்துக்கிட்டேதான் எறங்குனா, அப்பவும் ஞாபகம் வரல பாரு. எறங்கி, நின்னு, அவுகளையே பாத்துக்கிட்டு ஒரு மிதி மிதிச்சா. இன்னொரு மிதி.  போச்சுடா, வெளிநாட்டுல வந்து அடிதடி ஆகப் போகுதுன்னு நெனைச்சேன்.

இவுக நேரா தொட்டிகிட்டப் போனாக. நான் "ஏங்க, ஏங்க"ங்கிறேன், காதுல விழல. ரஞ்சி மிதிக்கிறதை நிப்பாட்டிட்டா. வாயைத் தொறந்து திட்டுவாகன்னு பாக்குறேன். திட்டல. குனிஞ்சாக. தொட்டி வெளிம்புல நசுங்காம ஒரு குலை கெடந்துச்சு. அதை எடுத்து ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டாக. மன்னிச்சுருன்னு அந்தப் பழத்துகிட்டக் கேட்டாகளோ, புள்ளைக்காகக் கேட்டாகளோ, எனக்குத் தெரியாது.

நோதார் அதைப் பாத்துட்டாரு. பாத்தவருக்கு என்ன புரிஞ்சுச்சோ, பாட்டை நிப்பாட்டச் சொல்லிக் கையைத் தூக்குனாரு. பாட்டு நின்னுருச்சு. ஒரு கூஜா நெறையத் தண்ணி மொண்டுக்கிட்டு வந்து, இவுக முன்னால ஒத்தை முட்டி போட்டு உக்காந்துட்டாரு. காலை நீட்டுன்னு சைகை காட்டுறாரு. ஆத்தாடி! எழுவது வயசுப் பெரிய மனுசன். நம்ம பக்கம் மாப்பிள்ளைக்கு மாமனாரு கால் கழுவுவாருல்ல, எங்கப்பா இவுகளுக்குக் கழுவுனாரு, அதுக்கப்பறம் இவுக காலுக்கு யாரு தண்ணி ஊத்துனா? இவுக பதறிப் போயி ஒரு எட்டு பின்னால போனாக. அவரு விடல. செருப்பைக் கழட்டிவிட்டு, ரெண்டு காலையும் தண்ணி ஊத்திக் கழுவி, தன் தோள்ல கெடந்த துண்டால தொடச்சுவிட்டாரு.

அப்பிடி ஒரு மரியாதை பண்ண பெறகு, மாட்டேன்னு எப்பிடிச் சொல்றது? நீயே சொல்லு. சொல்ல முடியுமா? வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, கண்ணை மூடி ஒரு கும்புடு போட்டுட்டு, உள்ள ஒரு காலை வச்சாக. அப்பறம் இன்னொரு காலு. முப்பது வருசமா செருப்புக் காலோட பந்தலுக்குள்ள ஒருத்தரையும் விடாத மனுசன்! ஒடம்பே கூசுது அவுகளுக்கு, நான் பாக்குறேன். அங்க ரஞ்சி கொஞ்சம் தடுமாறுனா. பழத்தோலு சறுக்கிவிட்டுருச்சுபோல. இவுக அவளைப் பாத்து வாயைத் தொறந்து என்னமோ சொன்னாக. கையை நீட்டிச் சொன்னாக. அவ அந்தக் கையைப் புடிச்சா. புடிச்சுக்கிட்டு, தோள்ல மொகத்தை வச்சுக்கிட்டு, குலுங்கிக் குலுங்கி அழுகுறா.

எட்டு மாசத்துக்குப் பெறகு அப்பன் மககிட்டப் பேசுன மொதச் சொல்லு. என்னன்னு கேளு. தெரியாது! எனக்குத் தெரியாது தாயி. ஏன்னா, அந்த நேரம் பாத்து நான் குலவை விட்டுக்கிட்டு இருந்தேன்.

சிரிக்காத. என்னைய அறியாம வந்துருச்சு. ஒரு கையில அவுக செருப்பு, ஒரு கையில ரஞ்சி ஷூ, கக்கத்துல எல்லார் பையும். அவுக ரெண்டாவது காலைத் தொட்டிக்குள்ள வச்சாகளோ இல்லையோ, மொத நாத்து நட்டதும் விடுவோமே, அந்த மாதிரி தன்னால நாக்கு சொழண்டுருச்சு. ரசங் குடிச்சதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அந்த ஊருச் சனம் பூராம் திரும்பி என்னைய வாயப் பொளந்து பாக்குது. அப்பறம் கைதட்டிக்கிட்டு அவுகளும் பாட ஆரம்பிச்சுட்டாக, நான் விடுறேன், அவுக பாடுறாக, ஒரே சத்தம். அந்தச் சத்தத்துல அந்தச் சொல்லு போயிருச்சு. எட்டு மாசம் ஒண்ணு விடாம ரெண்டு பக்கத்துச் சொல்லையும் சொமந்தவ நானு. வேண்டிய சொல்லு வந்தப்ப நான் ஊளை விட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

வண்டி ஆண்டிபட்டிக் கணவாயில ஏறுது பாரு. ஜன்னலைச் சாத்து, தூறல் அடிக்குது.

அப்பறம் நோதார் கடைக்குப் பின்னால பெஞ்சு போட்டு எல்லாரும் சாப்பிட உக்காந்தோம். அங்க ஒரு பழக்கம், சும்மா எடுத்துக் குடிக்கக் கூடாது. ஒருத்தர் எந்திரிச்சு நாலு நல்ல வார்த்தை சொன்னாத்தான் எல்லாரும் கிளாஸைத் தூக்கணும். நோதார் எந்திரிச்சு எங்களைப் பத்தி, எங்க திராட்சையைப் பத்தி என்னென்னமோ சொன்னாரு. சொல்லிட்டு இவுககிட்ட ஒரு கேள்வி கேட்டாரு. ரஞ்சிதான் ரெண்டு பக்கமும் சொல்லணும், அவுகளுக்குள்ள வேற வழியில்ல. "உங்களுக்குப் பெறகு அந்தக் கொடியெல்லாம் என்ன ஆகும்னு கேக்குறாருப்பா"ன்னா. சொல்லிட்டுத் தட்டைப் பாத்துக்கிட்டா. தென்னங்கண்ணு விவகாரம் அந்தக் கெழவருக்கு எப்பிடித் தெரியும், அவரு பாட்டுக்குக் கேட்டுட்டாரு.

இவுக கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு எந்திரிச்சாக. வேட்டியில, காலுல, எல்லாம் திராட்சைச் சாறு. கிளாஸையே திருப்பித் திருப்பிப் பாத்தாக. அப்பறம், "அதை எம்மகளைக் கேட்டுத்தான் சொல்ல முடியும்னு சொல்லு"ன்னாக.

ரஞ்சி அதை அந்த ஊரு பாஷையில திருப்பிச் சொல்லணும். ரொட்டியைப் பிய்க்கிறா, தட்டுல வைக்கிறா. மறுபடியும் பிய்க்கிறா. நோதார் காத்துக்கிட்டு இருக்காரு, மேசையே காத்துக்கிட்டு இருக்கு. எப்பிடியோ சொல்லி முடிச்சா. சொல்லி முடிச்சதும் அந்தக் கெழவரு ரஞ்சியோட கிளாஸுல தன் கிளாஸை மோதிட்டு, மொதல்ல அவளுக்குத்தான் தலை குனிஞ்சாரு, இவுகளுக்கு இல்ல. எனக்கு ஒரே கண்ணீரு. அந்த ஊருல புகை ஜாஸ்தி தாயி, கறி சுடுறாக பாரு. எங்கப்பா ஞாபகம் வேற சம்பந்தமில்லாம வந்துருச்சு. எங்கப்பா நல்லவருதான். கேக்கணும்னு அவருக்குத் தோணல, அவ்வளவுதான்.

அதோட தீந்துச்சு. தீந்துச்சுன்னா எனக்குத்தான் தீந்துச்சு. அன்னையிலருந்து அவுக ரெண்டு பேரும் ஒண்ணு. நானு வேத்தாளு. ஊருக்கு வந்ததும் தென்னங்கண்ணைப் பூராம் எங்கண்ணன் வீட்டுக்குக் குடுத்தாச்சு, அந்த பூட்ஸ் காலுக்காரன் வந்துதான் ஏத்திட்டுப் போனான், அவனுக்குக் காப்பித் தண்ணி வேற குடுக்கச் சொன்னாக. சாஞ்ச தூணை நிமுத்தியாச்சு. ரஞ்சி படிப்பை முடிச்சுட்டு வந்து நம்ம பக்கமே டாக்டரா இருந்துக்கிட்டுப் பந்தலையும் பாப்பாளாம். இதெல்லாம் நான் எப்பிடித் தெரிஞ்சுக்கிட்டேங்கிற? பேசுறதை ஒட்டுக் கேட்டுத்தான். யாரும் எங்கிட்ட "அப்பாகிட்டச் சொல்லு"ன்னு சொல்றதில்ல. இதுல என் பொய்யி ரெண்டையும் வேற ஒத்துப் பாத்துட்டாக. "அம்மா, நான் தெனமும் அழுதேனாமே"ங்கிறா அவ. "நான் போட்டோவை மடியில வச்சுக்கிட்டு இருந்தேனாமே"ங்கிறாக இவுக. ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாக. சிரிக்கட்டும். அந்தப் பொய்யி இல்லாட்டி இந்தச் சிரிப்பு ஏது?

ஆனா எனக்கு அந்த ஒண்ணு தெரியணும். தொட்டிக்குள்ள என்ன சொன்னாக? மூணு வாரமா கேக்குறேன். மன்னிச்சுருன்னு சொன்னாகளா? போற புள்ளைன்னு சொன்னது தப்புன்னு சொன்னாகளா? இவுககிட்டக் கேட்டா, "ஞாபகம் இல்ல"ங்கிறாக. எனக்குச் சோறே எறங்கல. முந்தாநேத்து ரஞ்சியப் புடிச்சு, சொல்லாட்டி நான் பேச மாட்டேன்னு சொல்லிப்புட்டேன். அதுக்கு அவ சொல்றா, "ஒண்ணும் பெருசா இல்லம்மா. உங்கிட்ட அப்பா எப்பவும் சொல்றதைத்தான் எங்கிட்டச் சொன்னாரு. நீதான் கண்டுக்கிறதே இல்ல."

இது ஒரு பதிலா? எங்கிட்ட அவுக என்ன சொல்றாக? "சோத்தை வையி"ம்பாக. "மூக்குக் கண்ணாடி எங்க"ம்பாக. "மோட்டாரை ஆஃப் பண்ணியா"ம்பாக. இதையா ஒரு அப்பன் எட்டு மாசத்துக்குப் பெறகு மககிட்டச் சொல்லுவாரு? இதுக்கா அந்தப் புள்ள அப்பிடி அழுகும்? எனக்கு மறைக்கிறாக தாயி. ரெண்டும் கூட்டுக் களவாணிக.

என்னது, உத்தமபாளையமா? அதுக்குள்ளயா? ஐயோ, இந்தக் கம்பியை யாரு எடுக்குறது. கண்டக்டர் தம்பி, கொஞ்சம் பொறுப்பா, சாமான் இருக்கு. அந்தா வர்றாக பாரு, போனைப் பையில போட்டுட்டு. எடுத்துட்டாக. நல்ல மழையா இருக்கும்போல, படியெல்லாம் ஒரே தண்ணி. நான் வர்றேன் தாயி, நல்லாப் படி, வேலைக்குப் போறியோ என்னமோ, நான் அதைக் கேக்கவே இல்ல பாரு, பேசிக்கிட்டே வந்துட்டேன்.

இந்தா வர்றேங்க, ஏன் அவசரப்படுத்துறீக. பாரு தாயி, கம்பிச் சுருளைத் தோள்ல போட்டுக்கிட்டு, மழையில நனைஞ்சுக்கிட்டு, கீழ நின்னு கையை நீட்டிக்கிட்டு நிக்கிறதை. பஸ் ஸ்டாண்டே பாக்குது. என்ன சொல்றாக கேட்டியா? "வழுக்கும், கையைப் புடி"ங்கிறாக. எங்க போனாலும் எங்கிட்ட எப்பவும் இதே ஒரு...

ஆத்தாடி.

இரு தம்பி, விசில் ஊதாத. இருப்பா. ஏங்க. ஏங்க, இங்க பாருங்க. அன்னைக்குத் தொட்டிக்குள்ள, ரஞ்சிகிட்ட, இதைத்தான் சொன்னீகளா?

சிரிக்கிறாக தாயி. பாரு, மழைத் தண்ணி வாயில போறது தெரியாமச் சிரிக்கிறாக. அட கிறுக்கு மனுசா, முப்பது வருசமா இதையா எங்கிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தீக?

இந்தாங்க கை. புடிங்க. பாக்குறவுக பாக்கட்டும், நல்லா இறுக்கிப் புடிங்க.